நான் ஒட்டிய இடத்தை நீ வெட்டி எடுத்தாய்

மகள்,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். பெட்டியின் சிப்பை இழுத்து மூடுவதும் திரும்பத் திறப்பதும் இங்கே கேட்கிறது. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். எழுந்து வந்து வாயால் சொல்லி முடிக்கக்கூடிய விஷயத்துக்குப் பேனையும் கடதாசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் உன் அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தபால்காரி. இப்ப என்ன, எனக்குப் பென்சன் தரப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாளைக்கு நீ மலேசியாவுக்குப் போகிறாய். போன வருடமும் அங்குள்ள விமானப் பயிற்சி நிலையம் உன்னை வேலைக்குக் கூப்பிட்டது. "அப்பாக்கு இருமல் கூடிட்டு, நான் இஞ்சயே இருக்கன்" என்று சொல்லி மறுத்துவிட்டாய். இம்முறை கூப்பிட்டதும் ஓம் என்றாய். ஏன் என்று நீ யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். முகம் கொடுத்துப் பேசாத தகப்பனோடு ஒரே வீட்டில் எத்தனை மாதம்தான் ஒரு பிள்ளை இருக்கும்? போக வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. நீ போக வேண்டியவள்தான். அப்பாவின் கோபத்தைச் சுமந்துகொண்டு போகிறேன் என்ற நினைப்போடு மட்டும் போகாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதை ஒளித்து வைக்கவும் தேவையில்லை. தகப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்று நம் ஆரையம்பதியில் உன்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும்.

என் தொழில் உனக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பைபர் போட் ஒட்டுகிறவன். வாவியில் ஓடும் போட்டுகள் கல்லில் அடிபட்டும் வெயிலில் வெடித்தும் என் கொட்டகைக்கு வரும். வெடித்த இடத்தைத் தேய்த்து, பைபர் துணியை வெட்டி வைத்து, ரெசின் பூசி, காய்ந்ததும் இன்னொரு துணி, அதற்கு மேல் இன்னொன்று. மற்றவர்கள் மூன்று படை வைக்கும் இடத்தில் நான் நாலு வைப்பேன். கூலி அதே கூலிதான். அது என் குணம், என் பெருமையும் கூட. பழுகாமத்தில் ஒருவர் தன் போட்டைக் காட்டி, "போட் உக்கிப் போனாலும் இவர் வெச்ச ஒட்டு கிடக்கும்" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார். அதைக் கேட்ட நாளில் நான் சைக்கிளை மிதித்தா வந்தேன், பறந்தல்லவா வந்தேன். என் வேலையில் பாரம் ஒரு குற்றமே அல்ல. பாரமாக இருந்தால் பலமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நீ விமானம் திருத்தப் படித்து முடித்து, நம் ஊர் ஓடுபாதையிலேயே பறப்புப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்து வந்தபோது நான் பட்ட சந்தோசத்துக்கு அளவில்லை. அந்தப் பள்ளியின் விமானங்கள் தகரமல்ல, பைபர் என்று நீ சொன்னதும், பிள்ளை என் தொழிலுக்கே வந்துவிட்டாள் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் உனக்குச் சோறு கொண்டுவந்து, விமானங்களை நிறுத்தித் திருத்தும் ஹங்கரில் நின்று பார்த்தேன். நூறு மணிநேரம் பறந்து முடித்த விமானம் ஒன்றைப் பரிசோதனைக்குப் பிரித்து வைத்திருந்தாய். எஞ்சின் மூடி ஒரு பக்கம், இருக்கைகள் ஒரு பக்கம். டோர்ச்சையும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் வைத்துக்கொண்டு, வைத்தியர் தொண்டையைப் பார்ப்பது போல இறக்கையின் உள்ளே பார்த்தாய். நட்டுகள் தளர்ந்தால் தெரிவதற்காக அவற்றின் மேல் இழுத்திருந்த சிவப்புக் கோடு முறியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவினாய். பிறகு ஒரு காசை எடுத்து இறக்கை முழுவதும் தட்டிக்கொண்டே போனாய். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், உள்ளே படை விட்டுப்போன இடம் மொத்தென்று கேட்கும் என்று சொன்னாய். காலையில் தொடங்கிய வேலை, பின்னேரம் வரைக்கும் ஒரு பழுதும் அகப்படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒண்டும் இல்லாததைக் கழட்டித் திருப்பிப் பூட்டுறதுக்கா புள்ள உனக்குச் சம்பளம்?"

"ஒண்டும் இல்ல எண்டு சொல்றதுக்குத்தான் அப்பா சம்பளம். சும்மா சொல்ல ஏலாதே, பாத்துட்டுத்தானே சொல்லணும்."

அன்றைக்கு அதை உன் வாய்க்காரத்தனம் என்று நினைத்தேன். ஒழுகாத போட்டை யாரும் என் கொட்டகைக்குக் கொண்டுவந்ததில்லை. நானும் ஒழுகாத போட்டைத் திறந்து பார்த்ததில்லை. உடைந்தால் ஒட்டுவது என் உலகம். உடைவதற்கு முன்னால் குறித்த தவணையில் போய்ப் பார்ப்பது உன்னுடையது. இரண்டும் ஒரே பைபர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

நீ ஏதோ பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்த கிழமையில் பள்ளியின் மனேஜர் ஆட்டோவில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஹங்கரில் ஏணி ஒன்று சரிந்து விமானத்தின் வாலில் விழுந்துவிட்டதாம். "சின்ன வெடிப்புத்தான் அண்ணன். புதுப் பகுதி கேட்டு வெளிநாட்டுக்கு எழுதினா மாசக்கணக்காப் போயிடும். பைபர் வேலையில உங்கள விட்டா இஞ்ச ஆர் இருக்கா?" என்றார். அந்தக் கடைசி வசனத்தில் நான் விழுந்தேன். உனக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். பரீட்சை நேரம், ஏன் குழப்புவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான். விமானத்தில் கை வைக்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது, மகள். அதை இன்றுதான் முதன்முதலாக எழுத்தில் வைக்கிறேன்.

வெடித்திருந்தது வால் சிறகின் பின்பக்கம் கீலில் ஆடுகிற அந்தத் தட்டில். விமானத்தின் மூக்கை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் அந்தத் தட்டுத்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. அதன் பின் விளிம்பில் வெடிப்பு. தேய்த்தேன், துணி வைத்தேன், என் கொட்டகை ரெசினையே பூசினேன். என் பிள்ளை வேலை செய்கிற இடம், மட்டமாகச் செய்யலாமா என்று நாலுக்குப் பதில் ஐந்து படை வைத்தேன். மூலைகளை என் வழக்கப்படி வட்டமாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழைத்து, வெள்ளை அடித்தேன். மனேஜர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே ஒட்டியது என்றே தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். நீ திரும்பி வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் சாவகாசமாகச் சொல்லி உன்னை அசத்தலாம் என்று இருந்தேன்.

சில நாள் கழித்து வலையிறவுப் பாலத்தால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வாவிக்கு மேலே அந்த விமானம் தாழப் பறந்து போனது. பாலத்தில் இறங்கி நின்று கையை ஆட்டினேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், "ஆருக்கு அண்ணன் கை காட்டுறீங்க?" என்று கேட்டார். "அது என்ட வேலை," என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கோ அன்றைக்குச் சோறே தேவைப்படவில்லை.

அடுத்த தவணைப் பரிசோதனையில் நீ கண்டுபிடித்தாய். காசால் தட்டிக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் சத்தம் தடித்துக் கேட்டதாம். மேல் பூச்சைக் கொஞ்சம் தேய்த்ததும் வாசம் வந்ததாம். நம் கொட்டகையின் வாசம், நீ பிறந்த நாள் முதல் சுவாசித்த வாசம். அதற்குப் பிறகு வட்டமாக வெட்டிய மூலைகள். என்னை ஹங்கருக்கு வரச்சொல்லி அனுப்பினாய். நான் நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன், பாராட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று. நீ கழற்றி வைத்திருந்த தட்டைக் கீல் இருக்கும் இடத்தில் தாங்கி வைத்துக் கையை எடுத்தாய். என் ஒட்டு இருந்த பின்பக்கம் பொத்தென்று கீழே விழுந்தது. வேறொரு விமானத்தில் கழற்றிய பழுதில்லாத தட்டை அதே மாதிரி வைத்தாய். அது மட்டமாக நின்றது.

"இது இப்பிடித்தான் நிக்கணும் அப்பா. பின்னால பாரம் கூடினா, வேகம் எடுக்கக்குள்ள தட்டு தானாத் துடிக்கத் தொடங்கும். துடிக்கத் தொடங்கினா வாலே பிய்ஞ்சு போயிடும். ஆராலயும் புடிக்க ஏலாது. உங்கட ரெசின் இந்தப் பைபர்ல சரியா ஒட்டவும் மாட்டாது."

நீ குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தி அங்கேயே முடித்திருப்பேன். நான் வைத்த ஐந்தாவது படையை, அன்பாக வைத்த அந்தப் படையை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நீ வட்ட மூலையோடு சேர்த்து அந்த இடத்தை வெட்டி எடுத்தாய். உன்னோடு வேலை செய்யும் பொடியன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சுட்டது என் பிழை அல்ல. அவர்கள் பார்த்ததுதான்.

அன்று பின்னேரமே மனேஜர் திரும்ப வந்தார். புதுத் தட்டை எப்படியாவது எடுப்பித்துப் பூட்டிவிடலாம், பரிசோதனை ஒழுங்காக முடிந்தது என்று மட்டும் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். ஒட்டின கதை பதிவில் ஏறினால் விசாரணை வரும், அண்ணனின் பேரும் சேர்ந்து அடிபடும் என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது என் பேர் மட்டும்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உன்னிடம் கேட்டேன். பறந்த விமானம் பத்திரமாகத்தானே இறங்கியது, யாருக்கு என்ன ஆனது, அப்பாவுக்காக ஒரு கையெழுத்து என்றேன். நீ சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாய்.

"அந்த விமானம் என்ன பட்டது எண்டு, நாளைக்கு அதைத் தொடுறவனுக்குத் தெரியணும் அப்பா. செஞ்சது ஆர் எண்டும் எழுதத்தான் வேணும். நான் எழுதப்போறன். முதல்ல உங்களுக்குச் சொல்லிட்டு எழுதணும் எண்டுதான் வந்தன்."

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "பெத்த தகப்பன எழுதிக் குடுக்கிறவளுக்கு நான் ஆர்?" என்று கேட்டேன். அம்மா, "இருந்து சாப்பிடுங்க, அவள் பிழையா என்ன சொன்னவள்?" என்றாள். அதற்கும் கோபம். நீ எழுதினாய். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். விமானம் நிறுத்தி வைக்கப்பட்டது, மனேஜரின் வேலை போனது. என்னிடமும் கேட்டார்கள், நான்தான் ஒட்டினேன் என்று சொன்னேன். அந்தளவுக்காவது எனக்கு நேர்மை இருந்தது. ஊர்வாய் உன்னைப் பற்றி ஆடியபோது அதை அடக்குகிற நேர்மை மட்டும் இருக்கவில்லை. கடைத்தெருவில் உன்னைத் திட்டினார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நம் பக்கத்து வழக்கப்படி இந்த வீடு பெண் பிள்ளைக்கு என்று கட்டிய வீடு, உன் வீடு. உன் வீட்டிலேயே இருந்துகொண்டு, உன் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்படி ஒரு வீம்பு வேறு எந்தத் தகப்பனுக்கும் வராது.

அந்த வீம்பை உன் அம்மாதான் உடைத்தாள். போன மாதம் நான் வழக்கம் போலப் புலம்பிக்கொண்டிருந்தேன். விமானம் நன்றாகத்தான் பறந்தது, பாலத்தில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எண்டைக்கு?"

சொன்னேன். புது ரேடியோ பூட்டி, அது சரியா எண்டு பாக்கப் போன நாளா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

"அண்டைக்கு அதுக்குள்ள இருந்தது உங்கட மகள்தான். ரேடியோவப் பாக்க அவளும் ஏறிப் போனவள். வந்து எனக்குச் சொன்னவள், மேல இருந்து பாலத்தைப் பாத்தன், அப்பா மாதிரி ஒராள் கை காட்டிக்கொண்டு நிண்டவர் எண்டு."

மகள், அதற்குப் பிறகு நான் இரண்டு நாள் கொட்டகையைத் திறக்கவில்லை. ஐந்து படை வைத்தவனும் நான்தான், கீழே நின்று கையாட்டினவனும் நான்தான். மேலே இருந்தது நீ. அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. சாப்பாட்டில் வைத்து நான் உன்னைக் கேட்டேனே, யாருக்கு என்ன ஆனது என்று. அப்போது நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'அதுக்குள்ள நான்தான் இருந்தன் அப்பா' என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே ஒடிந்து விழுந்திருப்பேன். வழக்கே முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்க வைத்தேன். "ஆர் இருந்தாலும் ஒண்டுதானே அம்மா. நான் இருந்ததாலயா அது பிழை?" என்றாயாம். அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. அதற்குள் பறக்கப் பழக வரும் காத்தான்குடிப் பிள்ளை ஒருவர் இருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவன் இருந்தாலும் நீ அதே மாதிரித்தான் எழுதியிருப்பாய். எனக்குத்தான் அது என் பிள்ளை என்று தெரிந்த பிறகு கண் திறந்தது. உன்னுடையது ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் இருந்தது. என் பிள்ளை என்னைவிடப் பெரியவள் என்று நினைக்கும்போது சந்தோசமும் வருகிறது, வெட்கமும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை, ஆனாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. ரெசின் கலக்கும்போது முகமூடியைக் கழற்றாதே. வெக்கைக்கு அது கரைச்சல்தான், அந்தக் கரைச்சலைப் பார்த்துத்தான் நான் போடாமல் விட்டு இன்றைக்கு இருமுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. அம்மாவுக்கு அடிக்கடி வீடியோ கோல் எடு. அவளே கூப்பிட்டால், சும்மா கூப்பிட்டதாகத்தான் சொல்வாள், நம்பாதே. களைத்திருக்கிற நாளில் பரிசோதனையில் கையெழுத்து வைக்காதே. அங்கேயும் மனேஜர்கள் இருப்பார்கள். அவர்கள் அதட்டிக் கேட்டால் உனக்குப் பயமில்லை, அது எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள் வந்து கெஞ்சிக் கேட்பார்கள், அதுதான் கஷ்டம். வயசானவர், இருமுகிறவர், உனக்குச் சோறு போட்டவர், உனக்காக என்று சொல்லி ஒரு படை கூட வைத்தவர் வந்து நிற்பார். போடாதே. நானே வந்து நின்று கேட்டாலும் போடாதே.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. இது உன் அம்மாவுக்கும் தெரியாது. இன்று காலை போட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஓடுபாதைக்குப் போனேன். அந்த விமானத்துக்குப் புதுத் தட்டு வந்து, நீ பூட்டி, முழுப் பரிசோதனையும் செய்து, பறக்க விட்டது போன கிழமை. நீ இங்கே கடைசியாகக் கையெழுத்து வைத்த விமானம் அதுதான். பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அந்தத் தங்கச்சியிடம் போய், என்னை ஒரு தரம் இதில் ஏற்ற ஏலுமா என்று கேட்டேன். அவள் என்னையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும்தானே. "வேற ஒண்டும் சும்மா நிக்குது ஐயா, அதுல போவமா?" என்று மெல்லக் கேட்டாள். இல்லை, இதில்தான் என்றேன்.

எனக்கு உயரம் என்றால் பயம் என்று உனக்குத் தெரியும். கூரைக்கு ஏறி ஓடு மாற்றவும் ஆள் பிடிக்கிறவன் நான். விமானம் ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாவி கீழே கிடந்தது. பாலம் தெரிந்தது, அதில் ஒரு சைக்கிள் போனது. நம் வீட்டைத் தேடினேன், தென்னைகளுக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கச்சி திரும்பி, "பயமா ஐயா? இறக்கவா?" என்று கேட்டாள். என் கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்துக் கேட்டிருப்பாள். வேண்டாம், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்க என்றேன். அவள் வேகத்தைக் கூட்டினாள். வால் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இறங்கும் வரைக்கும் நான் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை, மகள்.

உன் அப்பா